மேட்டில் இறங்கலாம்

“என் மூச்சைக் காணோமுங்க, தாயி” என்றார் பூசாரி சென்னியப்பன்.

தாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கே வெச்சீங்க?”

“அது தெரிஞ்சா நானே எடுத்துக்க மாட்டேனுங்களா?”

“உட்காருங்க. பேச்சு அப்புறம்.”

பூசாரி உட்கார்ந்தார். தெருவிலிருந்து மடத்து வாசலுக்கு ஒரு சின்னச் சரிவு உண்டு. ஆடுகள் அதை ஓடியே ஏறிவிடும். அந்தச் சரிவை ஏறியதற்குத்தான் பூசாரியின் மார்பு துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வேலங்கரடு என்ற குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயிலில் அவர் குடும்பத்துக்குப் பரம்பரைப் பூசை. முன்பெல்லாம் காலையில் படி ஏறிப் போவார். மதியம் இறங்குவார். மாலையில் மறுபடி ஏறுவார். பிறகு கரட்டின் மேல் வரைக்கும் தார்ச்சாலை வந்தது. சாலை வந்ததும் கோயில் வேன் வந்தது. வேனின் முன்சீட்டு பூசாரிக்கு என்று ஆயிற்று.

சர்க்கரைப் பொங்கல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

வேலங்கரட்டில் ஒரு வழக்கம். பங்குனி உத்தரத்தன்று அடிவாரக் கிணற்றில் நீர் மொண்டு, செப்புக் குடத்தில் நிரப்பி, தலைச்சுமையாகப் படி வழியே கொண்டுபோய் முருகனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். வழியில் குடம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த நீர் சாமிக்கு ஆகாது. அங்கேயே ஊற்றிவிட்டு, வேறொருவர் கீழே இறங்கிப் புது நீர் மொண்டு வர வேண்டும்.

குடம் எடுப்பது சென்னியப்பனின் முறை. அவருடைய அப்பா எடுத்தார். தாத்தா எடுத்தார்.

போன பங்குனியில் அவர் பாதி வழியில், இடும்பன் சன்னதி முன்னால், குடத்தை இறக்கி வைத்துவிட்டார். இறக்கி வைத்தார் என்பதைவிட, குடத்தோடு உட்கார்ந்துவிட்டார் என்பதே சரி. நீரை அரளிச் செடியின் அடியில் ஊற்றினார்கள். சித்தப்பா மகன் மயில்சாமி கீழே ஓடி, புது நீர் மொண்டு, மேலே ஏறிப் போனான். இளவட்டம். அவனுக்கு வியர்க்கவே இல்லை.

“தர்மகர்த்தா ஒரே வார்த்தையில சொல்லிட்டாருங்க” என்றார் பூசாரி. “வர்ற பங்குனியிலயும் குடம் தரையைத் தொட்டா, முறை மயில்சாமிக்குப் போயிருமாம். அப்புறம் அவனுக்கு, அவன் பிள்ளைக்கு. எங்க வீட்டுக்கு மறுபடி வராது.”

“படி ஏறிப் பழகலாமே?”

“மூட்டுங்க. இப்போதைக்குப் படி கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

தாயி முறத்தைக் கீழே வைத்தார். பூசாரியைவிட அவர் வயதில் இளையவர். சில வருடங்களுக்கு முன்னால், ஆளில்லாமல் கிடந்த இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் அரிசி வாங்கி வருவார். அதனால் சைக்கிள் தாயி என்று பெயர். தொடக்கத்தில் பூசாரியும் சிரித்தவர்தான்.

மடத்துக் கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று தாயியுடையது. மற்றொன்று யாரோ ஒரு பக்தர் விட்டுப் போனது. தாயி அந்த இரண்டாவதை உருட்டி வந்து நிறுத்தினார். முன்னால் குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டும் வண்டி.

“தினம் கரட்டைச் சுத்தி ஒரு சுத்து” என்றார்.

“இதுலயா?”

“வேட்டிக்குச் சௌகரியம்.”

“மேற்கால ஆமைமேடு இருக்குதுங்களே. அதுல லாரியே திணறும்.”

“மேட்டுல இறங்கலாம். தள்ளிட்டுப் போகலாம். திரும்பி மட்டும் வரக்கூடாது.”

பூசாரி வண்டியைப் பார்த்தார். கரட்டைப் பார்த்தார்.

“எத்தனை நாள்ல மூச்சு வரும் தாயி?”

“எந்த நாள் போச்சு?”

“அது தெரியாதுங்க. கொஞ்சங்கொஞ்சமா...”

“போன நாள் தெரியாது. வர்ற நாள் மட்டும் தெரியணுமாக்கும்.”

தாயி கீரை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.



ஒரு வாரம் கழித்துப் பூசாரி வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் டயரில் ஒட்டிய மண் கூட மாறவில்லை.

“எத்தனை சுத்து ஆச்சு?”

“இன்னும் கிளம்பலைங்க.”

“ஏன்?”

“சூலமுங்க, தாயி.” பூசாரி பஞ்சாங்கம் மனப்பாடமான ஆள். விரல் விட்டுச் சொன்னார். “திங்களும் சனியும் கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. அந்தந்த நாள் அந்தந்தத் திசைக்குப் பயணம் போகக் கூடாது. மத்தவங்க ஒரு பக்கமாப் போவாங்க, தப்பிச்சுக்குவாங்க. கரட்டைச் சுத்தணும்னா நாலு பக்கமும் போயாகணுமே. எந்த நாள் பார்த்தாலும் ஒரு பக்கம் சூலம் குறுக்கே நிக்குது.”

“பரிகாரம் இருக்குமே?”

“இருக்குதுங்க. கிழக்கேன்னா தயிர், மேற்கேன்னா வெல்லம், வடக்கேன்னா பால். எல்லாம் முறைப்படி சாப்பிட்டேன். ஆனாலும் வண்டி ஏற மனசு ஒப்பலை.”

“வெல்லம் சாப்பிட ஒப்புச்சா?”

“அது ஒப்புச்சுங்க.”

தாயி எழுந்தார். மடத்து முற்றத்தில் ஒரு வேப்ப மரம். அதை ஒரு சுற்று சுற்றினார். நிதானமாக வந்து, முன்பு உட்கார்ந்திருந்த அதே கல்லில் உட்கார்ந்தார்.

“நான் எந்தத் திசைக்குப் போனேன்?”

பூசாரி யோசித்தார். தெற்கே என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு மேற்கே என்று சொல்லப் பார்த்தார்.

“எங்கேயும் போகலைங்களே. இங்கேதான் இருக்கீங்க.”

“அப்போ யாருக்குச் சூலம்?”

பூசாரி வேப்ப மரத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.



முதல் நாள் டீக்கடைக்காரர்கள் பாய்லரை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

“பூசாரி சைக்கிளைக் கூட்டிட்டுப் போறாரா, சைக்கிள் பூசாரியைக் கூட்டிட்டுப் போகுதா?” என்றான் ஒருவன்.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு கைத்தாங்கலாப் பிடிச்சுட்டுப் போகுதுப்பா” என்றான் இன்னொருவன்.

பூசாரிக்குப் பதில் சொல்ல ஆசைதான். மூச்சு இல்லை.

ஆமைமேடு ஆரம்பத்தில் மேடாகவே தெரியாது. ஆமை ஓடு மாதிரி மெல்ல வளைந்து ஏறும். பாதியில்தான் அதன் குணம் புரியும். பூசாரி கால்வாசியிலேயே இறங்கிவிட்டார். வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து, எழுந்து, தள்ளிக்கொண்டு போனார். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் திரும்பினால் மறுபடி அதே டீக்கடை. முன்னால் போனால் இறக்கம்.

மேட்டின் அந்தப் பக்க இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. பூசாரி தன்னையறியாமல் மணியை அடித்தார். சாலையில் யாரும் இல்லை.



மார்கழி வந்தது. விடிவதற்கு முன்பே நடை திறக்க வேண்டும். பூசை முடிந்து, பிரசாதம் கொடுத்து, கீழே வரும்போது வெயில் ஏறிவிடும். ஒரு நாள் விட்டுப்போயிற்று. மறுநாளும் விட்டுப்போயிற்று. பிறகு விடுவதே வழக்கமாயிற்று.

விட்டது பூசாரிக்கு உறுத்தியது. கோயில் கணக்கில் பாக்கி வைத்துப் பழகாதவர் அவர். ஒரு நாள் மயில்சாமியை நடை பார்க்கச் சொல்லிவிட்டு, விடுபட்ட சுற்றுகளை எல்லாம் சேர்த்து ஒரேயடியாகச் சுற்றத் தொடங்கினார்.

மூன்றாவது சுற்றில் கண் இருண்டது. நான்காவது சுற்றில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக்கொண்டது. மாட்டு வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

“ஏனுங்க, சாமிக்குத்தான் காவடி எடுப்பாங்க. உங்களையே காவடியாத் தூக்கிட்டு வந்திருக்காங்களே” என்றாள் அவர் மனைவி தெய்வாத்தாள். சொல்லிக்கொண்டே நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காலில் தேய்த்தாள்.

கட்டிலை விட்டு எழுந்ததும் பூசாரி நொண்டி நொண்டி மடத்துக்கு வந்தார்.

“உங்க வைத்தியம் எனக்கு ஒத்துக்கலைங்க, தாயி. முன்னால மூச்சு மட்டும்தான் போச்சு. இப்போ காலும் போச்சு.”

நடந்ததைச் சொன்னார்.

மடத்தில் ஒரு வேல் நட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன அகல் எரிந்துகொண்டிருந்தது. தாயி எண்ணெய்த் தூக்கை எடுத்து வந்தார். அகலில் சாய்த்தார்.

“போதுமுங்க” என்றார் பூசாரி.

தாயி நிறுத்தவில்லை. எண்ணெய் விளிம்பைத் தொட்டது. வழிந்தது. திரி மிதந்து உள்ளே அமிழ்ந்தது. சுடர் ஒரு தரம் சிணுங்கிவிட்டு அணைந்தது.

“என்ன தாயி, விளக்கை அணைச்சுட்டீங்களே.”

“வாரம் பூரா எரியட்டும்னு ஊத்தினேன்” என்றார் தாயி.

பூசாரி விளக்குகளோடு வளர்ந்தவர். அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. அகலை எடுத்து, மிகுந்த எண்ணெயைத் தூக்கிலேயே வடித்தார். திரியைப் பிழிந்து நிமிர்த்தினார். ஏற்றினார். கையில் இருந்த எண்ணெயைக் கெண்டைக்காலில் தடவிக்கொண்டார்.

பிறகு எழுந்து போனார்.

மார்கழி முடியும் வரை உச்சிக்காலப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் நடுவில், வெயில் தாழ்ந்ததும், ஒரு சுற்று போனார். ஒரே ஒரு சுற்று.



தை பிறந்தது. பூசாரிக்குக் கால்வலி போயிருந்தது. ஆனால் முகம் வாடியிருந்தது.

“ஒண்ணும் மாறலைங்க, தாயி.”

“என்ன மாறணும்?”

“வேட்டி முடிச்சு அதே இடத்துலதான் நிக்குது. வேன் ஓட்டறவன், ‘என்னுங்க பூசாரி, இன்னும் கொஞ்சம் பூசுனாப்ல இருக்கீங்க’ங்கறான். பங்குனி வந்துட்டே இருக்குது. எனக்கு பயமா இருக்குதுங்க. குடம் போனாப் போகுது. எங்கப்பன் தூக்கின குடம், என் கையில போச்சேன்னு இருக்கும்.”

தாயி அதைக் கேட்டுக்கொண்டார்.

“ஆமைமேட்டுல என்ன இருக்குது?”

“என்ன இருக்குதுங்க? மேடுதான் இருக்குது.”

“வேற?”

பூசாரி நினைத்துப் பார்த்தார். தினமும் போகும் இடம். முன் சக்கரம்தான் நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் தார்.

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

“சரி. போயிட்டு வாங்க” என்றார் தாயி.

அவ்வளவுதான் பேச்சு. பூசாரிக்குக் கோபமாக வந்தது. கோபத்தில் அன்றைக்கு மேட்டின் பாதி வரை மிதித்துவிட்டார்.



மாசி மாதம் ஒரு மாலை. பூசாரி கரட்டின் தென்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மயில்சாமி. வேகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே வந்தான்.

“அண்ணா, நில்லுங்க. ஒரு வார்த்தை.”

“நான் நிக்கறதில்ல. வேணும்னா கூட வா.”

மயில்சாமி கூடவே வந்தான்.

“குடத்தைப் பத்தித்தான் அண்ணா. கோவிச்சுக்கப்படாது. இந்த வருசம் நானே எடுத்துக்கறேன். உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிரலாம். போன வருசம் மாதிரி ஊரு பார்க்க உட்கார்ந்துட்டீங்கன்னா எனக்கே சங்கடமா இருக்குது.”

“உனக்குச் சங்கடமா, சந்தோசமா?”

“என்ன அண்ணா இப்படிக் கேக்கறீங்க.”

“பின்னே எப்படிக் கேக்கறது? எனக்குக் காய்ச்சல் வரணும்னு இப்பவே நாள் பார்க்கறியே. சின்ன வயசுல நீ கிணத்துல விழுந்தப்ப யாரு தூக்கினா? நான்தானே. உன்னைத் தூக்கினவனுக்கு ஒரு குடத்தைத் தூக்கத் தெரியாதா?”

“அப்போ உங்களுக்கு இந்த வயிறு இல்லை அண்ணா.”

“அப்போ உனக்கு இந்த வாயும் இல்லை.”

மயில்சாமி சிரித்துவிட்டான். பூசாரி விடவில்லை. மயில்சாமியின் அப்பா கோயில் தேங்காயை எண்ணிய விதம், மயில்சாமி மந்திரம் பாதியை முழுங்குவது, பூ கட்டத் தெரியாமல் கடையில் வாங்குவது என்று ஒவ்வொன்றாக எடுத்தார். மயில்சாமியும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் வேன் ஏறியதிலிருந்து கோயில் பொங்கல் அண்டா அடி தெரியக் காலியாவதாகச் சொன்னான். பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

திடீரென்று பூசாரியின் வண்டி தானாக ஓட ஆரம்பித்தது. காற்று முகத்தில் அடித்தது.

பூசாரி பிரேக்கைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆமைமேடு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. உச்சியில் ஒரு வெள்வேல மரம். அதன் நிழலில் ஒரு புற்று. புற்றின் மேல் ஒரு கீரி நின்று, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“இந்த மரம் எப்போ வந்துது?” என்றார் பூசாரி.

“எப்பவும் இருக்கறதுதானே அண்ணா” என்றான் மயில்சாமி. பிறகு அவனும் மேட்டைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.



பங்குனி உத்தரம். டாக்டர் மூட்டைத் தட்டிப் பார்த்து, நிதானமாக ஏறலாம் என்று சொல்லியிருந்தார்.

கிணற்றடியில் குடம் நிரம்பியது. தலையில் சும்மாட்டைக் கட்டி, குடத்தை ஏற்றி வைத்தார்கள். மயில்சாமி வெறுங்கையோடு பின்னால் நின்றான். அது தர்மகர்த்தாவின் ஏற்பாடு. தெய்வாத்தாள் கூட்டத்தில் எங்கேயோ நின்று கும்பிட்டாள். சாமியைக் கும்பிட்டாளா, குடத்தையா என்று தெரியவில்லை.

பூசாரி படியில் கால் வைத்தார்.

அரோகரா சத்தம் முன்னே போனது. மேளம் பின்னே வந்தது. குடத்து நீர் ஒவ்வொரு படிக்கும் தளும்பி, சும்மாட்டை நனைத்து, கழுத்தில் இறங்கியது. இடும்பன் சன்னதி வரும்போது வெயில் உச்சந்தலைக்கு வந்திருந்தது. போன வருடம் உட்கார்ந்த அதே படி. அதே அரளிச் செடி. அதில் இந்த வருடம் நிறையப் பூத்திருந்தது.

அந்த இடத்தில் மூச்சு இறுகியது. தொடை நடுங்கியது.

பூசாரி நின்றார்.

மேளம் நின்றது. அரோகரா நின்றது. மயில்சாமி பின்னாலிருந்து ஏறி, முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான். “அண்ணா” என்றான் மெதுவாக.

மேட்டுல இறங்கலாம். திரும்பி மட்டும் வரக்கூடாது.

பூசாரி குடத்தோடு நின்றார். அவசரப்படவில்லை. மைல்கல் பக்கத்தில் சைக்கிளின் மேல் சாய்ந்து நிற்பது மாதிரி, குடத்தின் கீழே தன்னைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. அரளியில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். அது பறந்து போகும் வரை பார்த்தார்.

“மயிலு.”

“அண்ணா?”

“வழியை விடு.”

அடுத்த படியில் கால் வைத்தார்.



திருவிழா முடிந்த மறுநாள் காலைப் பூசை ஆனதும் பூசாரி மடத்துக்கு வந்தார். சைக்கிளைத் தேய்த்துக் கழுவியிருந்தார். சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தார். கைப்பிடிக்கு விபூதி பூசி, ஒரு சம்பங்கி மாலை போட்டிருந்தார். கழுவிய வண்டி அழுக்காகிவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

வேப்ப மரத்தில் வண்டியைச் சாய்த்தார். சாவியைத் தாயியின் முன்னால் வைத்தார். கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போது யார் கையையும் பிடிக்கவில்லை.

“குடம் ஏறிருச்சுங்க, தாயி.”

“கேட்டுச்சு. அரோகரா இங்கே வரைக்கும் வந்துது.”

“முறை எங்க வீட்டுலயே நின்னுது. தர்மகர்த்தா மாலை போட்டாரு. மயில்சாமி அழுதுட்டான், ஏன்னு தெரியலை.” பூசாரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “வந்த வேலை முடிஞ்சுதுங்க. வண்டி வேற யாருக்காவது உதவட்டும்.”

தாயி மாலையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

“நேத்து அபிஷேகம் நல்லா ஆச்சா?”

“அமோகமா ஆச்சுங்க.”

“நைவேத்தியம்?”

“பஞ்சாமிர்தம், சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம். ஒண்ணும் குறை இல்லை. சாமி முகத்தைப் பார்க்கணுமே நீங்க.”

“அப்போ சாமிக்கு வயிறு நிறைஞ்சுது.”

“நிறைஞ்சுதுங்க.”

“இனி அடுத்த பங்குனிக்கு நடை திறந்தாப் போதும்.”

பூசாரி பதறிப்போனார்.

“அதெப்படிங்க, தாயி? இன்னும் கொஞ்ச நேரத்துல உச்சிக்காலம். நேத்துப் போட்டா இன்னைக்கு இல்லைன்னு ஆயிருமா? சாமி பட்டினியில்ல கிடக்கும். திருவிழா ஒரு நாள்தானுங்க. பூசை தினமும்...”

அந்தச் சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார்.

தெருவில் வேன்காரர் அவருக்காக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தார். “நான் படியில வர்றேன், நீங்க போங்க” என்று பூசாரி தெருப்பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

கைப்பிடியில் இருந்த மாலையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். குனிந்து சாவியை எடுத்துக்கொண்டார்.